நற்காரியங்கள் தின்ற பூங்கா

சென்ட்ரல் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து, வெள்ளை வெளேரென்று நிற்கிற ரிப்பன் கட்டடத்தையும், அதற்குப் பக்கத்தில் செங்கல் நிறத்தில் நிற்கிற விக்டோரியா மண்டபத்தையும், இவற்றின் பின்புறமாகத் தெரிகிற நேரு விளையாட்டரங்கத்தையும் சாவகாசமாகப் பார்த்துவிட்டு, "இந்தப் பிரதேசத்துக்குப் பார்க் டவுன் என்று பெயராமே, பார்க் எங்கே ஐயா இருக்கிறது?" என்று ஒரு வெளியூர்க்காரர் கேட்பாரானால், சென்னைவாசி ஒருவன் மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் சொல்லக்கூடிய பதில் ஒன்றே ஒன்றுதான் உண்டு: "இவ்வளவு நேரமாக நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது எல்லாமே பார்க்தான்."

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. 1859-ஆம் ஆண்டில் சென்னை ராஜதானிக்குக் கவர்னராக வந்த ஸர் சார்லஸ் டிரவெலியன் என்பவர், கோட்டைக்கு வடக்கே நெருக்கியடித்துக்கொண்டு குடியிருந்த கறுப்பர் பட்டணத்து ஜனங்களுக்கு மாலை வேளையில் காற்று வாங்குவதற்கு ஓர் இடம் இல்லையே என்று எண்ணி, அந்தப் பட்டணத்துக்கு மேற்கே 116 ஏக்கர் விஸ்தீரணத்தில் ஒரு பெரிய உத்தியானத்தை உண்டாக்குவதற்கு ஏற்பாடு செய்தார். கல்கத்தா சர்க்கார் விதிக்க முனைந்த புதிய வரிகளைப் பகிரங்கமாக எதிர்த்த குற்றத்துக்காக 1860-ஆம் ஆண்டிலேயே அவர் திருப்பியழைக்கப்பட்டுவிட்டாலும், அவர் போட்ட விதை முளைத்து, ‘பீபிள்ஸ் பார்க்’ என்ற பெயருடன் குளங்களும், வண்டி போகும் பாதைகளும், பாண்டு வாத்தியம் வாசிக்கும் மேடையும், மிருகக் காட்சி சாலையும் கொண்ட ஒரு நந்தவனமாக வளர்ந்தது. ஒரு பேட்டை முழுவதுமே அதன் பெயரால் வழங்கத் தொடங்கியதென்றால் அதன் புகழை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த 116 ஏக்கருக்கு என்ன ஆயிற்று என்பதுதான் விஷயம். நாடகம் நடத்தவும் சபை கூட்டவும் நகரத்துக்கு ஒரு மண்டபம் வேண்டுமென்று பெரிய மனிதர்கள் விரும்பினார்கள். விக்டோரியா மகாராணியின் பொன்விழாவை முன்னிட்டு எழுந்த நகர மண்டபம் அந்தப் பூங்காவின் ஓரத்தில் இடம் பிடித்தது. பிராட்வேயில் இருந்த பழைய மார்க்கெட்டு சுகாதாரத்துக்கு ஒவ்வாததாகிவிட்டது என்று கருதப்பட்டது. 1900-ஆம் ஆண்டில் மூர் மார்க்கெட்டு இந்தப் பூங்காவுக்குள் வந்தது. நகரத்தை ஆளுகிற சபைக்கு அதன் அந்தஸ்துக்குத் தகுந்த மாளிகை இல்லையே என்ற குறை ஏற்பட்டது. 1909-இல் அஸ்திவாரமிட்டு 1913-இல் ரிப்பன் கட்டடம் திறக்கப்பட்டது. வாலிபர்களுக்கு விளையாட்டரங்கம் வேண்டியிருந்தது, அதுவும் அங்கேதான். 1985-இல் மூர் மார்க்கெட்டு எரிந்து சாம்பலான பிறகு, அதே இடத்தில் புறநகர் ரயில்களுக்கான நிலையம் எழுந்தது. அதே ஆண்டில் மிருகங்கள் வண்டலூருக்குக் குடிபெயர்ந்தன. இன்று அந்தப் பெரிய உத்தியானத்தின் ஞாபகார்த்தமாக மிஞ்சியிருப்பது, ரிப்பன் கட்டடத்துக்குப் பின்னால் பெரியமேடு பக்கத்தில் இருக்கிற மைலேடி பூங்கா ஒன்றுதான்.

இந்த ஜாபிதாவில் ஒரு தீய காரியமாவது இருக்கிறதா என்று பாருங்கள். மண்டபம், சந்தை, நகராட்சி மாளிகை, விளையாட்டரங்கம், ரயில் நிலையம் ஆகிய ஒவ்வொன்றும் நகரத்துக்கு அவசியமானது. ஒவ்வொன்றையும் நியாயப்படுத்திப் பேசுவதற்குப் படித்தவர்களும் பொது நல ஊழியர்களும் இருந்தார்கள். பூங்காவைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் ஆக்கிரமிப்புக்காரன், குடிகாரன், குப்பை கொட்டுகிறவன் என்று மூன்று பேரைப் பிடித்துக் கூண்டில் ஏற்றுவது வழக்கம். என் அபிப்பிராயத்தில் அவர்கள் செய்கிற கெடுதல் ஒரு போலீஸ்காரராலோ ஒரு துப்புரவுத் தொழிலாளியாலோ நிவர்த்தி செய்யத்தக்கது. நிவர்த்தி செய்ய முடியாத கெடுதலைப் பூங்காக்களுக்குச் செய்தவை பெரும்பாலும் நற்காரியங்களே. பூங்காக்களைக் காப்பாற்றவேண்டிய நகரசபையே பூங்காவின்மேல் உட்கார்ந்துகொண்டு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நிர்வாகம் செய்து வருகிறதென்றால், இதற்குமேல் வேறு திருஷ்டாந்தம் வேண்டுமா?

இதற்கு மூல காரணம், மரமும் புல்லும் மட்டும் இருக்கிற நிலத்தை நாம் இன்னும் எதற்கும் பயன்படாமல் கிடக்கிற நிலமாகவே கருதுவதுதான். ரேஷன் கடைக்கு இடம் தேடுகிற அதிகாரிக்கும், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்கு இடம் தேடுகிற இஞ்சினீயருக்கும், டிரான்ஸ்பார்மர் வைக்க இடம் தேடுகிற மின்வாரியத்தாருக்கும், அங்கன்வாடிக்கு இடம் தேடுகிற கவுன்சிலருக்கும் முதலில் ஞாபகத்துக்கு வருவது பூங்காவின் மூலைதான். ஏனென்றால் அங்கே நஷ்டஈடு கொடுக்க வேண்டியதில்லை, வழக்குப் போடச் சொந்தக்காரன் இல்லை, பத்திரம் பார்க்கவேண்டிய தொல்லையும் இல்லை. மத்திய சர்க்காரின் நகர்ப்புறத் திட்ட வழிகாட்டு நெறிகள் ஒரு மனிதனுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் வரை திறந்த வெளி இருக்கவேண்டுமென்று சொல்லுகின்றன. சென்னை அந்தக் கணக்குக்கு வெகு தூரத்தில் நிற்கிறதென்பதைத் தெரிந்துகொள்ளப் புள்ளிவிவரம் ஒன்றும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் எந்தப் பேட்டைப் பூங்காவிலாவது உட்கார ஒரு பெஞ்சு தேடிப் பார்த்தால் போதும்.

சட்டம் இல்லாமல் இல்லை. பூங்காக்கள், விளையாட்டு மைதானங்கள், திறந்த வெளிகள் ஆகியவற்றைப் பாதுகாப்பதற்கென்றே 1959-ஆம் ஆண்டில் நம் ராஜ்யத்தில் ஒரு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஒவ்வொரு ஸ்தல ஸ்தாபனமும் தன் எல்லைக்குள் இருக்கிற பூங்காக்களையும் மைதானங்களையும் பட்டியலிட்டுச் சர்க்காருக்கு அனுப்பவேண்டும் என்பதும், அந்தப் பட்டியலில் ஏறிய நிலத்தைச் சர்க்காரின் முன் அநுமதியில்லாமல் வேறு காரியத்துக்கு உபயோகிக்கக்கூடாது என்பதும் அதன் சாரம். அறுபது வருஷங்களுக்கு மேலாக அமலில் இருக்கிற இந்தச் சட்டத்தின் உயிர்நிலை அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. ஆனால் தன் வார்டுக்குரிய பட்டியலைக் கண்ணால் பார்த்த நகரவாசிகள் எத்தனை பேர் என்று விசாரித்தால், விரல்களை மடக்கி எண்ண ஆரம்பிப்பதற்கு முன்பே விசாரணை முடிந்துபோகும்.

புதிதாக மனைப்பிரிவு போடுகிறவர்களுக்கும் ஒரு விதி இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்தாலோ, அங்கே அடுக்குமாடி கட்டினாலோ, சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்த வெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி, ஸ்தல ஸ்தாபனத்தின் பேருக்கு மாற்றிக்கொடுக்கவேண்டும். 3,000 முதல் 10,000 வரை உள்ள நிலமாயிருந்தால், நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பின்படி பணமாகக் கட்டிவிடலாம். ‘ஓ.எஸ்.ஆர். நிலம்’ என்று ரியல் எஸ்டேட்காரர்கள் சொல்வது இதைத்தான். யோசனை உத்தமமானது, ஆனால் தானம் கொடுக்கிறவர் எந்தக் கோணலான துண்டைக் கொடுக்கிறார், வாங்கிக்கொண்டவர் அதைச் சுற்றி எப்போது வேலி போடுகிறார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் நடுவில்தான் அந்த நிலத்தின் தலைவிதி நிர்ணயமாகிறது. வேலியில்லாத தான நிலம் வண்டிகளுக்கு நிறுத்துமிடமாகி, பிறகு கடையாகி, பிறகு பட்டா கேட்கிற மனுவாகி விடுவதை மனைப்பிரிவுகளில் குடியிருக்கிறவர்கள் நன்கு அறிவார்கள்.

நீதிமன்றமும் தன் பங்குக்கு ஒரு நல்ல தீர்ப்பைச் சொல்லியிருக்கிறது. பெங்களூரில் ராஜமஹால் விலாஸ் விஸ்தரிப்பு என்ற குடியிருப்பில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய நிலத்தை ஒரு தனியார் மருத்துவ டிரஸ்டுக்கு ஆஸ்பத்திரி கட்டக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியைக்காட்டிலும் சிறந்த தர்மம் வேறு என்ன இருக்கமுடியும்? ஆயினும் அங்கே குடியிருந்தவர்கள் வழக்காடினார்கள். 1991-இல் சுப்ரீம் கோர்ட்டு அவர்கள் பக்கம் நின்று, பொது ஜனங்களின் ஆரோக்கியத்துக்கென்று திட்டத்தில் வகுத்த திறந்த வெளியைத் தனியார் ஸ்தாபனத்துக்கு மாற்றிக் கொடுப்பதற்கு அதிகாரிகளுக்கோ மந்திரிகளுக்கோ உரிமை கிடையாது என்று சொல்லி, ஒதுக்கீடு செல்லாது என்பதை உறுதி செய்தது. பூங்காவே ஒருவித ஆரோக்கிய சாலை என்பதை வக்கீல்களின் பாஷையில் ஸ்தாபித்த தீர்ப்பு அது.

இக்காலத்து நற்காரியங்களில் தலையாயது மெட்ரோ ரயில். அதன் பிரயோஜனத்தை நான் மறுக்கவில்லை. வெயிலில் பஸ்ஸுக்காகக் காத்து நின்ற ஜனங்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். ஆனால் பூமிக்கடியில் நிலையம் கட்டுவதற்கு மேலே குழி தோண்ட இடம் வேண்டும்; இடம் என்றவுடன் மறுபடியும் பூங்கா. ஷெனாய் நகரில் இருக்கிற திரு.வி.க. பூங்காவை 2011-இல் வேலைக்காக எடுத்துக்கொண்டார்கள். நிலையத்தில் ரயில் ஓடத் தொடங்கியது 2017-இல். பூங்கா ஜனங்களிடம் திரும்பி வந்தது 2023-இல். அதாவது, பூங்கா மூடப்பட்டபோது ஊஞ்சலுக்காக அழுத ஐந்து வயதுக் குழந்தை, அது திறக்கப்பட்டபோது மீசை அரும்புகிற பதினேழு வயதுப் பிள்ளையாகிவிட்டான். புதிய பூங்கா அழகாகவே இருக்கிறது. ஆனால் கீழே கான்கிரீட் கூரை போட்ட இடத்தில் அரசும் ஆலும் ஆழமாக வேர் விடுவதற்கு மண்ணுக்கு எங்கே போவது? ஏரியைத் தூர்த்து தியாகராய நகரை நிர்மாணித்தவர்கள் 1920-களில் அதன் நடுநாயகமாக வைத்த பனகல் பார்க்கிலும் இரண்டாங்கட்ட மெட்ரோ வேலைக்காக ஒரு பகுதியை எடுத்துக்கொண்டார்கள். நாமும் வாய் திறக்கவில்லை. அந்தப் பேட்டைக்கு மெட்ரோ வேண்டுமென்று நாம்தானே கேட்டோம்.

நிலம் தப்பித்தது என்றே வைத்துக்கொள்வோம். அதற்குள் இருக்கிற மரத்தையும் மண்ணையும் காப்பாற்றுவது யார் பொறுப்பு என்பது அடுத்த கேள்வி. செம்மொழிப் பூங்கா தோட்டக்கலைத் துறையைச் சேர்ந்தது. கிண்டி தேசியப் பூங்கா வனத்துறையைச் சேர்ந்தது. அடையாற்று உப்பங்கழியை மீட்டு 58 ஏக்கரில் உண்டாக்கிய தொல்காப்பியப் பூங்கா, நதிகளைச் சீரமைப்பதற்கென்று அமைத்த ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. ஆற்றங்கரைப் புறம்போக்கு நீர்வளத் துறைக்கு. மிச்சமுள்ள நூற்றுக்கணக்கான சிறு பூங்காக்களும் சாலை நடுவிலிருக்கிற தீவுத் திட்டுகளும் மாநகராட்சியின் பொறுப்பு. 2011-இல் மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆகப் பெருகியபோது, புறநகர் நகராட்சிகளும் பஞ்சாயத்துகளும் விட்டுச்சென்ற வேலியில்லாத மனைகளும் அந்தப் பொறுப்போடு சேர்ந்துகொண்டன. ஒரே மரம், அதன் வேர் ஒரு துறையின் நிலத்திலும் கிளை இன்னொரு துறையின் கம்பியிலும் இருக்குமானால், புயல் வந்து தீர்மானிக்கும்வரை அதைப் பற்றிய கோப்பு மேஜைக்கு மேஜை பிரயாணம் செய்துகொண்டிருக்கும்.

பூங்காவைத் திறந்துவைப்பதற்கும் அதைப் பராமரிப்பதற்கும் உள்ள வித்தியாசம், கல்யாணம் செய்துவைப்பதற்கும் குடித்தனம் நடத்துவதற்கும் உள்ள வித்தியாசந்தான். முன்னதற்குப் பந்தலும் மேளமும் போட்டோவும் உண்டு; பின்னதற்கு அரிசி பருப்பு வாங்கக் காசு வேண்டும், அதுவும் மாதாமாதம் வேண்டும். நகராட்சிக் கணக்கில் முதலாவது மூலதனச் செலவு. இரண்டாவது வருவாய்க் கணக்கில் வருகிற செலவு. முதலாவதுக்குத் திட்டத்தின் பேரால் மாநிலத்திலிருந்தும் டில்லியிலிருந்தும் பணம் வந்து சேரும். கல்வெட்டில் பெயரும் ஏறும். பம்புசெட் மோட்டார் எரிந்துபோனால் மாற்றுவதற்கும், ஊஞ்சல் சங்கிலி அறுந்தால் போடுவதற்கும், கழிப்பறைக்குத் தண்ணீர் விடுவதற்கும் வேண்டிய பணம் சொந்த வரி வருமானத்திலிருந்து வரவேண்டும்; அந்தச் செலவுக்குக் கல்வெட்டு வைப்பாரில்லை. எந்தப் பூங்காவின் தரத்தையும் அளந்தறிய விரும்புகிறவர், செயற்கை நீரூற்றைப் பார்க்கவேண்டாம். நேராகக் கழிப்பறைக்குப் போய் அதன் கதவில் பூட்டுத் தொங்குகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்தால் போதுமானது.

பராமரிப்பு வேலை இப்போது பல இடங்களில் ஒப்பந்தக்காரர் கைக்குப் போய்விட்டது. ஒப்பந்தம் என்பது கால வரையறை உள்ளது. மரம் என்பதோ தலைமுறைக் கணக்கில் வளர்வது. ஒரு டெண்டர் முடிந்து மறு டெண்டர் வருகிற இடைவெளியில் தோட்டக்காரர்கள் மாறிவிடுகிறார்கள். எந்த மரத்துக்கு எந்தப் பக்கம் கரையான் ஏறுகிறது, மழை பெய்தால் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும் என்று அவர்களுக்கு மட்டும் தெரிந்திருந்த ஞானமும் அவர்களோடு வெளியேறிவிடுகிறது. எங்கள் பேட்டைப் பூங்காவில் விடியற்காலையில் தென்னந்துடைப்பத்தால் சருகுகளைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருக்கும் ஓர் அம்மாள் உண்டு. மகிழ மரத்தடியில் ஒரு சருகுகூட இல்லாமல், மண் வெளுத்து வெடித்திருப்பதைக் காட்டி, "ஏனம்மா, இதை இங்கேயே விட்டுவைத்தால் மரத்துக்கு எருவாகுமே?" என்று கேட்டேன். அவர் துடைப்பத்தை உள்ளங்கையில் தட்டி நேராக்கிக்கொண்டே சொன்னார்: "எலை கீழ கெடந்தா வாக்கிங் வர்றவங்க கம்ப்ளெயிண்ட் பண்றாங்க சார், சூப்பர்வைசரு என்னைத் திட்றாரு. அள்ளிட்டா மண்ணு காயுது. ரெண்டுல எதைச் செய்யச் சொல்றீங்க, நீங்களே சொல்லுங்க."

நான் பதில் சொல்லவில்லை. ஏனென்றால் புகார் செய்கிறவர்கள் எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள். பூங்கா சுத்தமாக இருக்கவேண்டும் என்று நாம் சொல்லும்போது, வீட்டுக் கூடத்தின் சுத்தத்தையே மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லுகிறோம். அதன் விளைவாகத்தான் நடைபாதை அகலமாகிக்கொண்டே போகிறது, மண் குறுகிக்கொண்டே வருகிறது. சிமெண்டுக் கல் பாவி, எட்டு வடிவத்தில் ஒரு பாதை, கால் அழுத்தத்துக்குக் கூழாங்கல் பதித்த ஒரு பாதை, திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள், ஒரு மேடை, ஒரு சிலை, ஒரு செல்பி எடுக்கும் வளைவு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்த பிறகு, மீதியிருக்கிற மண்ணில் வெல்வெட்டுப் போன்ற புல்தரையைப் பரப்பி, அதற்குக் காலையும் மாலையும் தண்ணீர் விடவேண்டிய கட்டாயத்தை நாமே உண்டாக்கிக்கொள்ளுகிறோம். கோடையில் குடிதண்ணீருக்கு லாரியின் பின்னால் குடத்துடன் ஓடுகிற ஊரில், அந்தப் புல்லின் தாகத்தைத் தணிக்கக் குழாய்க் கிணறு வேலை செய்கிறது. மரத்தின் அடியை ஒட்டிச் சிமெண்டு பூசுவதால் வேர் மூச்சுத் திணறுகிறதென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் டில்லி நகரத்துக்கு உத்தரவிட்டு, மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குச் சிமெண்டை அகற்றச் சொன்னது. சென்னையிலும் கடப்பாரை எடுத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்யவேண்டிய இடங்கள் ஏராளம்.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் வந்து நமக்கு இந்த விஷயத்தில் ஒரு பாடம் நடத்திவிட்டுப் போயிற்று. நிழலுக்கும் பூவுக்கும் ஆசைப்பட்டு வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட மயிற்கொன்றையும் தூங்குமூஞ்சி மரமும் சாலைதோறும் வேரோடு சாய்ந்து கிடந்தன. மரத்தின் ஜாதி மட்டும் இதற்குக் காரணமன்று. மழைநீர் வடிகாலுக்கும் கேபிளுக்கும் பள்ளம் வெட்டியபோதெல்லாம் ஒரு பக்கத்து வேரை அறுத்துவிட்டு, மின்கம்பியில் படுகிறதென்று மறுபக்கத்துக் கிளைகளையும் வெட்டிவிட்ட பிறகு, எந்த மரந்தான் புயலில் நிமிர்ந்து நிற்கும்? புயலுக்குப் பிந்திய வருஷங்களில் புங்கன், பூவரசு, நாவல், மகிழம் என்று நாட்டு மரங்களை நடவேண்டும் என்ற பேச்சு வலுத்தது. 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தையும் மறக்காமல், சில பூங்காக்களில் பள்ளமான பகுதியைக் குளமாக வெட்டி மழைநீரைத் தேக்கிப் பூமிக்குள் இறக்குகிற ‘பஞ்சுப் பூங்கா’ ஏற்பாட்டையும் மாநகராட்சி செய்திருக்கிறது. மெச்சத்தக்க காரியம். குளத்தை வெட்டியவர்கள் அதைத் தூர்வாருவதற்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்குவார்களானால் இரட்டிப்பாக மெச்சலாம்.

பணமில்லை என்ற இடத்தில் தத்தெடுத்தல் என்ற யோசனை வந்து நிற்கிறது. ஒரு கம்பெனியோ குடியிருப்போர் சங்கமோ பூங்காவைப் பராமரிக்க முன்வருவதை நான் குறை சொல்லமாட்டேன். மயிலாப்பூர் லஸ் பக்கத்து நாகேசுவர ராவ் பூங்கா பல வருஷங்களாக ஒரு நிதி நிறுவனத்தின் பராமரிப்பில் நன்றாகவே இருந்துவருகிறது. இந்த வழியில் உலகத்துக்கே முன்மாதிரியாகச் சொல்லப்படுவது நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க். 843 ஏக்கர் கொண்ட அந்தப் பூங்கா 1970-களில் நகரத்தின் கஜானா வறண்டபோது புல் செத்து, பெஞ்சு உடைந்து, இருட்டிய பிறகு ஜனங்கள் நுழைய அஞ்சுகிற இடமாயிற்று. 1980-இல் தனவந்தர்கள் சேர்ந்து ஒரு ஸ்தாபனத்தை அமைத்து, நகரத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டு, அதை மீட்டார்கள். பணத்தைவிட அவர்கள் கையாண்ட முறைதான் என் கவனத்தைக் கவர்ந்தது: பூங்காவை 49 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தோட்டக்காரரைப் பொறுப்பாக்கினார்கள். ஒரு செடி வாடினால் அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அங்கே ஓர் ஆளின் பெயர் பதிலாகக் கிடைக்கும்.

அந்தத் தோட்டக்காரர் முறையை நாம் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு அமெரிக்கப் பணக்காரர்கள் தேவையில்லை. ஆனால் தத்தெடுக்கும் முறையில் ஒரு விபரீதம் இருப்பதையும் சொல்லியாகவேண்டும். கம்பெனிகள் தத்தெடுக்க வருவது கம்பெனிக்காரர்கள் குடியிருக்கிற பேட்டைகளில்தான். வியாசர்பாடியிலும் கண்ணகி நகரிலும், ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீடுகள் இருக்கிற இடத்தில், பூங்கா என்பது பொழுதுபோக்கு ஸ்தலம் அன்று. அது அந்த வீட்டின் இன்னொரு அறை. வீட்டுக்குள் தோட்டம் வைத்திருப்பவனுக்கு வெளியேயும் நல்ல தோட்டம், வீடே இல்லாதவனுக்கு வெளியேயும் பொட்டல் என்ற நிலைமையை நன்கொடை சரிசெய்யாது, வரிப்பணந்தான் சரிசெய்யவேண்டும்.

பூங்காவின் நிலமும் மரமும் பிழைத்திருந்து, கதவு மட்டும் மூடிக்கிடந்தால் என்ன பலன்? எங்கள் பேட்டைப் பூங்காவை முற்பகலில் பூட்டினால் மாலையில்தான் திறப்பார்கள். நடைப்பயிற்சிக்காரர்களுக்கு இது சௌகரியமான ஏற்பாடு. சித்திரை மாதத்து நடுப்பகலில் நிழல் எவனுக்கு அவசியமோ அவன் அப்போது வாசலில் நிற்கிறான். உணவுப் பொட்டலம் கொண்டுபோகிற இளைஞன் ஒருவன் பைக்கை வேலியோரத்தில் சாய்த்துவிட்டு, "அண்ணே, ஒரு பத்து நிமிஷம் உள்ள ஒக்காந்துட்டுப் போறேண்ணே" என்று காவலாளியைக் கேட்டதையும், "தொறந்தா என்னைக் கேப்பாங்க தம்பி" என்று அவர் கையைப் பிசைந்ததையும் பார்த்தேன். வேலிக்கு உள்ளே புங்க மரத்து நிழல் யாருக்கும் பயனில்லாமல் விழுந்துகிடந்தது. வேலிக்கு வெளியே வந்து விழுந்த துண்டு நிழலில் அந்தப் பையன் குந்தி உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். நடுப்பகலில் திறந்தால் சமூக விரோதிகள் வருவார்கள், காதலர்கள் வருவார்கள் என்று காரணம் சொல்லுகிறார்கள். ஆளில்லாத இடத்துக்குத்தான் கெட்டவர்கள் வருவார்கள். பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் அந்தப் பத்துப் பேரே காவல். காதலர்கள் வந்தால் வரட்டும். அவர்களும் வரி கட்டுகிறவர்களின் பிள்ளைகளே.

முற்காலத்துப் பூங்காக்கள் இப்படி வாய்மூடி மௌனியாக இருந்ததில்லை. 1930 முதல் 1938 வரை சென்னை மாநகராட்சி தானே ரேடியோ நடத்தியபோது, வானொலிப் பெட்டி வாங்க வகையில்லாத ஜனங்களுக்காகக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைத்துச் சங்கீதம் கேட்கச் செய்தது. 1949 செப்டம்பரில், கொட்டுகிற மழையில், இராயபுரம் ராபின்சன் பூங்காவில் நடந்த பொதுக்கூட்டத்தில்தான் திராவிட முன்னேற்றக் கழகம் ஜனங்களின் முன் தன் தோற்றத்தை அறிவித்தது. பிற்காலத்தில் இந்த ராஜ்யத்தை ஆண்ட கட்சி ஒன்று நகராட்சிப் பூங்காவின் ஈர மண்ணில் நின்று பேசத் தொடங்கியது என்பதை நினைத்துப் பார்க்கும்போது, இன்றைய பூங்கா வாசல்களில் ‘கூட்டம் கூடாதீர், விளையாடாதீர், புல்லில் அமராதீர், சாப்பிடாதீர்’ என்று வரிசையாக எழுதி வைத்திருக்கும் பலகைகளைப் படிப்பதற்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

அவநம்பிக்கைக்கு இடமில்லாமல் செய்கிற காரியங்களும் இந்நகரத்தில் நடந்திருக்கின்றன. கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் குப்பை கொட்டுகிற இடமாயிருந்த ஒரு துண்டு நிலத்தை, ‘நிழல்’ என்ற அமைப்பினரும் அக்கம்பக்கத்துக் குடியிருப்பவர்களும் 2006 முதற்கொண்டு சிறுகச் சிறுகச் சுத்தம் செய்து, நாட்டு மரங்களை நட்டு, ஒரு மரப் பூங்காவாக்கினார்கள். அங்கே நீரூற்றும் இல்லை, சலவைக்கல் பெஞ்சும் இல்லை. நடக்கிற பாதை மண் பாதைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து வந்து சருகை அள்ளி மரத்தடியில் போட்டு மூடாக்கு இடுகிற தொண்டர்கள் இருந்தார்கள். சருகைக் குப்பை என்று கருதாதவர்கள் ஒரு பத்துப் பேர் கிடைத்தால் ஒரு காட்டையே வளர்க்கலாம் என்பதற்கு அது சாட்சி.

ஆகையால் நான் பெரிய சீர்திருத்தம் எதையும் கோரப்போவதில்லை. 1959-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிற பட்டியலை, சர்வே எண்ணும் பரப்பளவும் சேர்த்து, ஒவ்வொரு பூங்காவின் வாசலிலும் தகரப் பலகையில் எழுதி வைக்கட்டும். ‘அமராதீர்’ பலகையை எடுத்துவிட்டால் அதற்கு இடம் கிடைத்துவிடும். அதே பலகையில் அந்தப் பூங்காவின் தோட்டக்காரர் பெயரையும் எழுதட்டும். திறந்துவைத்த பிரமுகரின் பெயர் ஏற்கெனவே கல்லில் இருக்கிறது. கதவைச் சூரியோதயத்திலிருந்து இரவு வரையில் திறந்துவைக்கட்டும். பகுதி சபைக் கூட்டம் கூடுகிற நாளில், சாலையையும் சாக்கடையையும் பற்றிப் பேசி முடித்த பிறகாவது, இந்த மூன்றையும் ஒருவர் எழுந்து கேட்கட்டும்.

கேட்பவருக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்லி வைக்கிறேன். என்றாவது ஒரு நாள் உங்கள் பேட்டைப் பூங்காவின் மூலையில் அஸ்திவாரம் தோண்டுவதற்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள். நூல் நிலையம் என்பார்கள், குழந்தைகள் காப்பகம் என்பார்கள், மருத்துவ நிலையம் என்பார்கள். அது நல்ல காரியமா என்ற தர்க்கத்தில் தயவுசெய்து இறங்கிவிடாதீர்கள். அது நல்ல காரியமாகத்தான் இருக்கும், நீங்கள் தோற்றுப்போவீர்கள். வேறு எந்தெந்த இடங்களைப் பார்த்தீர்கள், அவை ஏன் ஆகவில்லை என்று மட்டும் எழுத்து மூலம் கேளுங்கள். பெரும்பாலான சமயங்களில் வேறு எந்த இடத்தையும் பார்த்திருக்கமாட்டார்கள்.